மூப்பரம்மா வீட்டு அப்பம்

"சத்தமில்லாம பெசை, தையல்காரம்மா. முன்னால கமிட்டி உக்காந்திருக்கு," என்று சொல்லிவிட்டு மூப்பரம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

மாவு பிசைவதில் சத்தம் ஏது? ஆள் இருப்பது தெரியக்கூடாது, அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் பகிர்ந்து உண்ணும் திருவிருந்துக்கான அப்பத்தைப் புருஷனோடு வாழ்கிறவள்தான் சுட வேண்டும் என்பது அந்தச் சபையின் பழக்கம். எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். சபை மூப்பரின் மனைவிக்கோ மாவு கைக்கு அடங்காது. அதனால் ஒன்பது வருடமாக, புருஷன் விட்டுப்போன தையல்காரம்மா பின்வாசலால் வந்து சுட்டுக் கொடுக்கிறாள். பெயர் மூப்பரம்மாவுக்கு.

"மறைவா செய்றதுக்குத்தான் மேல பலன்," என்பாள் மூப்பரம்மா. மறைகிறவள் தானில்லை என்றால் சொல்வது சுலபம்.

தையல்காரம்மா அதற்காக வருந்தியதில்லை. பிசையும்போது வீடு வீடாக எல்லோருக்காகவும் ஜெபிப்பாள். இருமல்காரக் கிழவர், வேலை போன வாத்தியார், பிள்ளையில்லாத நர்ஸ். அந்த அரைமணி நேரம் அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்.

இன்றுதான் தனக்கென்று ஒன்று கேட்டாள். மகளுக்குக் கல்யாணம், தானே கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். பீடம்வரை பெண்ணை யார் அழைத்துப் போவது என்று முன்னறையில் போதகரும் மூப்பரும் மற்ற கமிட்டிக்காரர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் பேசுறேன், நீ கவலைப்படாத," என்று மூப்பரம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

பேசத்தான் பேசினாள். கதவைத் தாண்டிக் கேட்டது.

"நல்லவதான், பாவம். ஆனா வாழாவெட்டி முன்னால நடந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. சித்தப்பா யாராவது கூட்டிட்டு வரட்டும்."

தையல்காரம்மாவின் கை நின்றது. கமிட்டி சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சொன்னது மூப்பரம்மா.

மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறை மேசைமேல் வைத்தாள். போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ எங்க இங்க?" என்றார் மூப்பர்.

"மாவு சலிக்க வந்தா," என்றாள் மூப்பரம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"மீதிய நீங்களே பெசைங்கக்கா," என்றாள் தையல்காரம்மா.

மூப்பரம்மா மோதிரத்தைக்கூடக் கழற்றாமல் கையை விட்டாள். மாவு விரல்களில் அப்பிக்கொண்டது. உதறினாள், போதகரின் சட்டையில் விழுந்தது. இத்தனை நாள் அப்பம் சுட்டது யார் என்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மூப்பர் தொண்டையைக் கனைத்தார். "சரி, உம்மகள நீயே கூட்டிட்டு வா. ஆனா இந்த அப்பம் விஷயம் வெளிய போகக்கூடாது."

"ஒம்பது வருஷமா போகலையே ஐயா. இனியும் என் வாயால போகாது. ஆனா எம்மக கையைப் பிடிக்க உங்க உத்தரவு எதுக்கு? நான் நடப்பேன். தடுக்கறவங்க தடுக்கட்டும்."

அவள் திரும்பியபோதுதான் போதகர் முதல் முறையாக வாயைத் திறந்தார். ஒரு மன்னிப்பாவது வருமென்று அவள் நின்றாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அப்பத்துக்கு என்னம்மா பண்றது?" என்றார் அவர்.