மாமாவின் மூச்சு

பெட்டிக்காரர் மூக்கைச் சிந்திய கைக்குட்டையாலேயே மைக்கையும் துடைத்து, அதை அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினார். கத்திரி முகத்தைச் சுளித்தான்.

கத்திரி என்பது ஸ்டுடியோவில் வைத்த பேர். டப்பிங் குரல்களை வெட்டி ஒட்டுவதுதான் பதினெட்டு வருஷமாக அவன் பிழைப்பு. மைக் அவனுக்குச் சோறு போடுகிற சாமான், அதைப் போய் இந்த ஆள் சளித்துணியால் துடைக்கிறான்! அக்காவோ கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன், மாமா, செத்து ஒரு வருஷமாகிறது. இப்போது அக்காவின் மார்பில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "உங்க மாமாவை ஒரு வார்த்தை கேக்காம என் உடம்புல கத்தி வைக்க விடமாட்டேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

செத்தவர்கள் வந்து பேசுவார்கள் என்று அந்த ஆள் கொண்டுவந்த பெட்டி ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்காமல் தாவும்படி முடுக்கிவிட்ட ரேடியோ. கிர்ர், கொர்ர், அரை விளம்பரம், கால் பாட்டு. அந்தக் குப்பையைப் பதிவுசெய்து, திருப்பித் திருப்பிப் போட்டு, பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே பெட்டிக்காரர் சொன்னார்.

"வந்துட்டாரும்மா. உடம்புல கை வைக்க வேணாங்கிறாரு."

"எந்த இடத்துல சார் சொன்னாரு? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றான் கத்திரி.

"நம்பிக்கை இருந்தாத்தான் தம்பி கேக்கும்."

"எனக்குக் கேட்டுச்சுடா! அவரேதான்!" என்று அக்கா தேம்பினாள். பெட்டிக்காரர் தட்டிலிருந்த பிஸ்கட்டை டீயில் நனைத்து, சப்புக்கொட்டித் தின்றார். ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடிவிட்டு இவனுக்குத் தொண்டையில் பிஸ்கட் இறங்குகிறதே என்று கத்திரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று சாயங்காலம் முழுக்க அக்காவிடம் சண்டை போட்டுப் பார்த்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தான். ஊஹூம், அவள் அசையவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஸ்டுடியோ கதவைச் சாத்திக்கொண்டான். மாமாவுக்கு டைப் அடிக்கச் சோம்பல், எதையும் வாயால் பேசித்தான் அனுப்புவார். கத்திரியின் போனில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல்லாகப் பொறுக்கினான். ஒட்டினான். டப்பிங்கில் வாக்கியங்களுக்கு நடுவே மூச்சுச் சத்தம் கேட்டால் டைரக்டர் தொலைத்துவிடுவார், அதனால் மூச்சை வெட்டி எறிவது அவனுக்குக் கைப்பழக்கம். கை தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது.

"போய்ட்டு வா. பயப்படாத. டாக்டர் சொல்றதைக் கேளு. நான் இருக்கேன்."

செத்த மனுஷன் வாயைப் பிளந்து வார்த்தையைத் திணித்தாயிற்று. த்தூ, நானும் ஒரு பிறவியா என்று இருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினான்.

செவ்வாய்க்கிழமை காலை, "நானும் உன் ரூம்ல மைக் வச்சுப் பார்த்தேங்கா" என்று புளுகி, ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினான். அவள் மூன்று தடவை கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. அப்பாடா, பிழைத்தாள் என்று நினைத்தான்.

"டேய், அவருக்கு மூச்சே வாங்கலையேடா!"

மாமாவுக்கு ஆஸ்துமா. நாலு வார்த்தை பேசினால் நெஞ்சு விசிலடிக்கும்.

"இருபது வருஷம் அந்த இழுப்பைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். இப்ப சுத்தமா இல்ல. அங்க போய் நல்லாயிட்டாருடா!"

"சரிக்கா, அவரே உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாருல்ல?"

"அது என் மேல உள்ள பாசத்துல சொல்றாரு. அங்க போனா எல்லா நோயும் தீந்துடுதுன்னா, நான் எதுக்குடா இங்க அறுத்துக்கிட்டுக் கிடக்கணும்? நானும் அங்கயே போயிடறேன்."

சந்தோஷமாகச் சொன்னாள். 

கத்திரி லேப்டாப்பைத் திறந்தான். வாய் குழற, ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் காட்டினான். "இது வண்டி பஞ்சரானப்ப அனுப்பினது. இது சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப. 'நான் இருக்கேன்'னு சொல்றாரே, அது 'நான் கடைக்கு முன்னாடி இருக்கேன்'னு எனக்குச் சொன்னதுக்கா. மூச்சை நான்தான் வெட்டினேன்." வெட்டிப் போட்ட மூச்சுகளையும் வரிசையாக ஓட்டினான். மாமாவின் நெஞ்சு இழுத்து இழுத்து விசிலடித்தது.

அக்கா கடைசிவரை கேட்டாள். அழவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"அந்த ஆளாவது அன்னியன்" என்றாள்.

"அக்கா, நீ பிழைக்கணும்னுதான்..."

"வியாழக்கிழமை போய்ப் படுத்துக்கறேன், பயப்படாத. சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு கேப்பாங்க. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னு சொல்லிடறேன்."