பையில் மிதந்த எண்ணெய்

குத்தாலத்து விவசாயி இராஜாங்கத்துக்குக் குறுவை அறுப்பு நேரத்தில் குடல் முறுக்கிக்கொண்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தார்கள். பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. சாப்பாடு முழுக்க நரம்பு வழியாகத்தான். சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் கலப்பது பார்மசி ஆயிஷாவின் வேலை.

ரத்தத்தில் கால்சியம் இறங்கியதால் டாக்டர் தியாகராசன் அளவைக் கூட்டச் சொன்னார். கலவை தாங்கும் என்று நம்பித்தான் ஆயிஷாவும் சேர்த்தாள். முதல்நாள் சாயங்காலம் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தபோது பால்போல இருந்த பையில், காலையில் எடுத்தபோது மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. வேறு கொழுப்பு பாட்டிலும் கையில் இல்லை, திருச்சியிலிருந்து வரவேண்டும்.

டாக்டருக்குப் போன் போட்டாள். "இன்னைக்குக் கொழுப்பில்லாம ஓட்டிடலாம்மா. கால்சியத்தைத் தனியா ஏத்திக்கிறேன்" என்றார் அவர்.

புதுப் பை மாட்டிய கொஞ்ச நேரத்தில் இராஜாங்கத்தின் மனைவி மலர்க்கொடி பார்மசி வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து பாலாட்டம் இருந்துச்சு. இன்னைக்கு வெறும் தண்ணியால்ல ஏத்துறீங்க?"

ஆயிஷா மறைக்கவில்லை. கெட்ட பையை எடுத்துக் காட்டினாள்.

"குலுக்குனா சேராதா?"

"மேல வெள்ளையா ஏடு நின்னா, மெதுவாப் புரட்டுனா சேர்ந்துடும்க்கா. இது சேராது. முட்டை மஞ்சக்கருவுல எடுத்த ஒரு பொருளை வச்சுத்தான் எண்ணெயைப் பொடிப்பொடித் துளியா நிறுத்தியிருக்காங்க. கால்சியம் கூடிப்போச்சுன்னா துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அது உடம்புக்குள்ள போனா நுரையீரலை அடைச்சிடும்."

மலர்க்கொடி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப நேத்து ஏறுனது?"

காலையிலிருந்து ஆயிஷாவை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"அதுல பழைய அளவு கால்சியம்தான். முடியிறவரைக்கும் ஒண்ணும் பிரியல, நர்ஸைக் கேட்டுட்டேன். இருந்தாலும் வாங்க, பார்த்துடுவோம்."

இருவரும் வார்டுக்குப் போனார்கள். இராஜாங்கம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக இருந்தது. நர்ஸ் ஆக்சிஜன் அளவைக் காட்டியபிறகுதான் மலர்க்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பாட்டில் வந்துவிட்டது. அதன்பிறகு கொழுப்பை மற்றவற்றோடு கலக்காமல் தனிக் குழாயிலேயே விட்டார்கள். இராஜாங்கத்தின் கன்னம் கொஞ்சங்கொஞ்சமாகத் தேறியது. வாயால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மலர்க்கொடி வடிகஞ்சியை ஆற்றிக் கரண்டியில் ஊட்டினாள்.

ஒரு மிடறு விழுங்கிவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்லையே."

"இப்பவே குறை சொல்ல ஆரம்பிச்சாச்சா?" என்றவள், அடுத்த கரண்டியை நீட்டினாள்.