சத்தமில்லாத இஞ்சின்

யோகலிங்கத்தின் கோட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உடுப்புக் கொழுவும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் மயூரா. எழுபது வயது மனிசன். சறுக்குகிற பனியில் தடியூன்றி, ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியிலிருந்து தன் பழைய தோழன் பாலேந்திரனின் செத்தவீட்டுக்கு வந்தவர். அதற்காக இரக்கப்படுகிற நிலையில் அவள் இல்லை. மயான மண்டபத்தில் பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய அப்பா.

"அந்தப் பேப்பரைத் தாங்கோ, அங்கிள்."

"என்ன பிள்ளை இது? இரங்கலுரை. நாலு சனம் அறியத்தானே வேணும், உன்ர கொப்பர் ஆர் எண்டு."

ஆர் என்று அவளுக்கே தெரியவந்து ஐந்து நாள்தான். ஒஸ்லோ சனத்துக்குப் பாலேந்திரன் பஸ் ஓடின மனிசன். ஹவுகன்ஸ்டுவாவில் மூன்றறை வீடு, சர்க்கரை வியாதி, அதிகம் கதைக்காத வாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மத்தியானம் அந்த வாய் திறந்தது. திறக்காமலே போயிருக்கலாம்!

எண்பத்தேழாம் ஆண்டு, வன்னிக் காட்டுக்குள் ஒரு கொட்டில். இயக்கத்துக்காகக் களவாக ஒரு விமானம். முதலாவதற்குத் தண்ணீர்ப் பம்பின் இஞ்சின் பூட்டினார்கள். அது நிலத்தை விட்டு எழும்பவே இல்லை. இரண்டாவதற்கு மோட்டார்சைக்கிள் இஞ்சினும் அலுமினியக் குழாயும் பரசூட் துணியும். பறந்தது, ஆனால் அது போட்ட சத்தத்தில் அடுத்த நாளே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து காட்டைச் சல்லடையாக்கிவிட்டுப் போனது. மூன்றாவதில்தான் அப்பாவின் மூளை வேலை செய்தது. புகைக்குழாயை நீட்டி வளைத்து, பட்டறையில் கடைந்து கழிக்கிற இரும்புச் சுருளை உள்ளே அடைத்தார். சத்தம் அடங்கிவிட்டது. சூடும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது.

அதில் ஏறியவன் ரவீந்திரன். பத்தொன்பது வயது, அம்மாவின் ஒரே தம்பி. பனையுயரத்தில் இஞ்சின் இறுகி, தீப்பிடித்து விழுந்தது. ஹெலி சுட்டதில் செத்தான் என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். முப்பத்தெட்டு வருசம் அம்மா அவருக்குச் சோறு போட்டாள்.

"நான்தான் அவனைச் சாகடிச்சனான். கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்று மகளின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மயூரா சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பிடி சோறு இறங்கவில்லை. மாமாவின் படத்துக்கு அம்மா பூ வைக்கிற நேரமெல்லாம் எழும்பி மற்ற அறைக்குப் போனாள். இப்போது பார்த்தால், அந்தக் கொட்டிலில் நின்றவர்களில் மிஞ்சியிருக்கிற ஒரே மனிசன், விமானக் கதை முழுக்க எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று வாசலில் வைத்தே பெருமையடிக்கிறார்.

"தரமாட்டன்" என்று தாளை நெஞ்சோடு அணைத்தார் யோகலிங்கம். "இவ்வளவு காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாச்சு. இண்டைக்கு வாசிப்பன்."

அவள் பாய்ந்தாள். அவர் தடியை ஓங்கி அவளுடைய மணிக்கட்டில் போட்டார். எலும்பு விண்ணென்றது. வலி வந்ததும் அவளுக்கு விசர் பிடித்தது. இரண்டு கையாலும் அவரை நெஞ்சில் தள்ளினாள். கோட்டுகள் கொழுவிய இரும்புத் தண்டில் முகம் அடிபட்டு, கோட்டுகளோடு சேர்ந்து கீழே விழுந்தார் மனிசன். மூக்கிலிருந்து ரத்தம் தாடியில் வழிந்தது. தாளைப் பறித்துக் கசக்கினாள். போதவில்லை. முழங்காலை அவர் தோளில் ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"மாமாவைச் சாகடிச்சது அப்பாதான் எண்டு வாசிக்கப் போறியளோ? இஞ்சின் எரிஞ்சு விழுந்து செத்தவன் எண்டு? அதைக் கேட்டிட்டு அம்மா உயிரோட இருப்பாவோ?"

யோகலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"விசரி. ஹெலி சுட்டதெண்டுதான் எழுதினனான். நானும் அந்தாளுக்குச் சத்தியம் பண்ணினவன்தானே."

மயூரா தாளைத் தடவி விரித்தாள். கோணல் எழுத்தில் அப்படித்தான் இருந்தது. ஹெலியின் சூட்டில் தம்பி ரவி வீரமரணம். நிமிர்ந்தாள். கதவு திறந்திருந்தது. வாய்க்கரிசி போட மகளைக் கூப்பிட வந்த விமலாதேவி, வெள்ளைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையோடு அங்கே நின்றாள்.

அவள் அழவில்லை. மகளை ஒரு கையால் விலக்கிவிட்டு யோகலிங்கத்துக்கு முன்னால் வந்தாள்.

"அவன் விரும்பித்தானோ ஏறினவன்?"

"தங்கச்சி, செத்தவீட்டில ஏன் இதெல்லாம்…"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"இஞ்சின் கொதிக்குது அத்தான், இண்டைக்கு வேண்டாம் எண்டவன்."

"அதுக்கு அவர்?"

யோகலிங்கம் ரத்தம் பூசிய கையைத் தன் கன்னத்தில் வைத்தார்.

"பொத்தி அறைஞ்சவர். பிறகுதான் ஏறினவன்."

விமலாதேவி மண்டபத்துக்குள் நடந்தாள். மயூரா பின்னால் ஓடினாள். வரிசையில் நின்ற சனம் விலகி வழிவிட்டது. பெண்சாதி வந்தாயிற்று, இனி அவள்தான் போட வேண்டும். தட்டிலிருந்து கைநிறைய அரிசியை அள்ளினாள். புருசனின் முகத்துக்கு மேல் குனிந்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் அரிசி சிதறிப் பலகை நிலமெங்கும் ஓடியது. இரண்டாவது அறையில் நெற்றித் திருநீறு கண்ணில் இழுபட்டது. மூன்றாவதில் தலை தலையணையை விட்டுச் சரிந்தது. "ஐயோ, மனிசனிலை எவ்வளவு பாசம் பாருங்கோ!" என்று ஒரு மனிசி குரலெடுத்து அழுதாள். மயூரா அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அறுபத்தைந்து வயது உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அப்பாவின் கன்னம் சிவக்கவில்லை. மெழுகு நிறத்தில் அப்படியே கிடந்தது.

சவ அடக்க வேலைக்கு வந்திருந்த ஜூலியா மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியே பனியில் காத்துநின்றார்கள். அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு, மெதுவாகப் பெட்டி மூடியைத் தூக்கினாள்.

"வெண்ட் லித்" என்றாள் விமலாதேவி, நோர்வேஜிய மொழியில். கொஞ்சம் பொறு.

ஜூலியா மூடியைப் பிடித்தபடி நின்றாள். விமலாதேவி நிலத்தில் குந்தி, சிதறின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். சனத்தின் சப்பாத்துகளுக்கு இடையில், உருகிய பனித்தண்ணீரில் கிடந்ததையும் விடவில்லை. மயூராவும் பக்கத்தில் குந்தினாள். வீங்கின கையால் ஒரு சிறங்கை பொறுக்கி அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா அதை வாங்கவில்லை. அவளுடைய கையைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கப்பால் கிடந்த அரிசியை எடுத்தாள்.