திரும்பி வருவதற்கு என்ன காரணம்

கலாராணியை நம்பவில்லை என்று ஓர் அரசாங்கமே கடிதம் எழுதியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு இது புது அனுபவம். கடைக்காரர் அவளை நம்பாமல் இருந்திருக்கிறார், கங்காணி நம்பாமல் இருந்திருக்கிறார். ஆனால் அவள் முகத்தையே பார்க்காத ஒரு கனடா அதிகாரி, இந்த அம்மா வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்று எப்படிச் சொல்லலாம்?

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸனூஸுக்கு ஒரு சிறிய கடை இருந்தது. போட்டோ கொப்பி, மொழிபெயர்ப்பு, விசா விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். அவர் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல அவளுக்குக் காது சூடாகிக்கொண்டே போனது.

கனடாவில் இருக்கும் மகள் விதுஷாவுக்குத் தை மாதம் பிரசவம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனபோது அவள் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தாள். மாப்பிள்ளை நிஷாந்த் லொறியோடு ஏதோ தூரத்து ஊரில் இருந்தான். இந்த முறை பக்கத்தில் இருந்தே ஆவது என்று கலாராணி முடிவு கட்டியிருந்தாள். அவளுடைய வேலையே பிள்ளை பார்ப்பதுதான். ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் ஆயா. தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் தொட்டிலில் போட்டு ஆட்டியவளுக்குச் சொந்தப் பேரப்பிள்ளையைத் தொட அனுமதி இல்லை என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

எங்கே பிழை நடந்தது என்று கேட்டாள். ஸனூஸ் தயங்கித் தயங்கி, தோட்டத்திலிருந்து அவள் வாங்கி வந்த கடிதத்தை எடுத்தார்.

அதற்காக அவள் மூன்று நாள் ஒபீஸ் வாசலில் நின்றிருந்தாள். தோட்டத்தில் எதற்கும் மேனேஜர் தொரையின் கையெழுத்துத்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஆஸ்பத்திரியில் காட்ட, பொலிஸ் பிடித்துப்போன புருஷனை மீட்க, எல்லாவற்றுக்கும் அந்த ரப்பர் சீல் செல்லுபடியானது. கனடாவுக்கு மட்டும் செல்லாதா? விண்ணப்பம் போட்ட அன்றே ஸனூஸ் அதை வாசித்துவிட்டு, இது வேண்டாமே என்று இழுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. தொரை கையெழுத்துப் போட்டதை வைக்காமல் வேறு எதை வைப்பது என்று ஒரே பிடியாக நின்றாள்.

இப்போது அதில் இருந்ததை அவர் வரி வரியாகச் சொன்னார். மேற்படி பெண் தொழிலாளர் லயத்து வரிசையில் ஒன்பதாம் இலக்க ஒற்றையறைக் காம்பராவில் குடியிருக்கிறார். லயமும் நிலமும் கம்பெனியின் பொறுப்பில் உள்ளவை. வேலையில் இருக்கும் வரைக்கும்தான் அவர் அங்கே இருக்கலாம். அந்த வேலை இன்னும் இரண்டு வருஷத்தில் முடிகிறது.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அந்தக் காம்பராவுக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள். அங்கேதான் விதுஷாவை வளர்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் வீரய்யா செத்தபோது அங்கிருந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். கடிதத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. வீடு இல்லை, காணி இல்லை, புருஷன் இல்லை, இருக்கிற ஒரே பிள்ளையும் அங்கே. தானே அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் விசா கொடுத்திருக்க மாட்டோமே என்று தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

திரும்பவும் போடலாம் என்றார் ஸனூஸ். ஆனால் ஏன் திரும்பி வருவீர்கள் என்பதை நம்பும்படி எழுத வேண்டும், மகளும் புதிதாக ஓர் அழைப்புக் கடிதம் தர வேண்டும். யாருடைய காணி உறுதிப் பத்திரத்தையாவது காட்டி ஏமாற்றுகிற ஆட்களும் டவுனில் உண்டு, தான் அந்தப் பக்கம் போவதில்லை என்பதையும் சொல்லிவைத்தார்.

அன்று சாயங்காலம் விதுஷா வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எதையாவது எழுதி விசாவை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மிச்சம் என்றால் என்ன என்று கலாராணி கேட்டாள். விதுஷா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறு மாதம் முடியும்போது நீட்டித்துக்கொள்ளலாம், அது முடிய இன்னொரு முறை. நிஷாந்த் ஒரு வக்கீலிடம் பேசியும் ஆயிற்று. அம்மா எதற்குத் திரும்பிப் போக வேண்டும்?

கலாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிகாரியைக் காலையிலிருந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். மனுஷன் பாதியாவது சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

"நான் ஒரு மாசம் இருந்து, ஒனக்குப் பத்தியம் பாத்து, புள்ளைக்கி எண்ண தேச்சுக் குளிப்பாட்டிட்டு வந்துருவேன் விது."

"அங்க என்னம்மா இருக்கு?" விதுஷா விடவில்லை. "வேல முடிஞ்சா அந்தக் காம்பராவும் இல்ல. என்னய அனுப்பும்போது, இனி இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னதுதான். லயத்தில் எந்தத் தாய் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை? அதிகாரி இங்கிலீஷில் கேட்டதைத்தான் மகள் தமிழில் கேட்கிறாள். அவன் கேட்டபோது கோபம் வந்தது. இவள் கேட்கும்போது பதில் தேட வேண்டியிருந்தது. மடுவத்தில் பதினொரு பிள்ளைகள் இருப்பதைச் சொல்லலாம். ஆனால் அவள் போனால் வேறு ஆயா வருவாள். வீரய்யாவின் குழி இருக்கிறது என்று சொல்லலாம். அதுவும் தேயிலைக்கு நடுவே, கம்பெனி நிலத்தில்தான்.

"காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லதான். ஆனா அங்க வந்தா நான் ஒன்னோட அம்மா மட்டுந்தான். இங்க நான் கலாராணி. வெள்ளன எந்திரிச்சா எனக்குன்னு ஒரு வேல இருக்கு, பேரு சொல்லிக் கூப்புட ஆளு இருக்கு. வேல முடிஞ்சா என்னான்னு அப்பப் பாத்துக்கிறேன். தேதியத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது புள்ள."

விதுஷா போனை வைத்துவிட்டாள். நாலு நாள் எடுக்கவே இல்லை. கலாராணிக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டதை மறுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஸனூஸ் வரச் சொன்னார். விதுஷாவின் அழைப்புக் கடிதம் ஈமெயிலில் வந்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே தமிழில் சொன்னார். என்னோடு இருந்துவிடும்படி அம்மாவைக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். ஒரு மாதத்தில் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறார். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் என் அம்மா சொன்னால் சொன்னதுதான், அவர் திரும்பிப் போவார்.

ஸனூஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருக்கச் சொல்லிக் கேட்டேன்டு மகளே எழுதுறது ஆபத்து அக்கா. அந்த வரிய எடுத்துட்டு அனுப்பச் சொல்லோணும்."

கலாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எடுக்க வேணாம் தம்பி. நடந்தது அதுதான். அப்புடியே போடுங்க."

கார்த்திகை முடிவதற்குள் விசா வந்துவிட்டது. அந்த அதிகாரி எதை நம்பினானோ, யாருக்குத் தெரியும். போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்தாள். அங்கே விடியட்டும் என்று சாயங்காலம் வரை பொறுத்திருந்து விதுஷாவை அழைத்தாள். ஸனூஸ் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு தேதிகளையும் கண்ணருகில் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள்.

"இங்க வர்ற தேதிய மட்டும் சொல்லுங்கம்மா," என்றாள் விதுஷா. "போற தேதி எனக்கு வேணாம்."