சப்டைட்டிலில் இல்லாத வரி

அண்ணி அழ ஆரம்பித்தால் கடையில் நீராவி நின்றுவிடும்.

தொழில்காரி. கண்ணில் தண்ணீர் முட்டினாலும் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் விடமாட்டாள். அதை நிமிர்த்தி வைத்து, புறங்கையால் மூக்கைத் துடைத்து, அதற்கப்புறம்தான் அழுகை. அவளை அழவைப்பது மாமியாரும் இல்லை, புருஷனும் இல்லை. தாய்லாந்திலிருந்து இரண்டு பையன்கள்.

சலவைக்கடையின் பின்னறை அது. சுவரோரம் உருண்டுகொண்டே இருக்கும் இயந்திரங்கள், மேலே கம்பியில் பாலித்தீன் போர்த்திய கோட்டுகள், நடுவே இஸ்திரி மேஜை. மேஜைக்கு எதிரே கஞ்சிப் பவுடர் டப்பாவில் சாய்ந்து நிற்கும் அண்ணியின் போன். போனுக்குள் நெட்டையும் குழியும். உயரமாக இருப்பவன் நெட்டை, இன்ஜினியரிங் படிக்கிறான். சிரித்தால் கன்னம் குழிபவன் குழி, டாக்டருக்குப் படிக்கிறான். அவர்களுடைய நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் அண்ணியே சூட்டிய பெயர்கள். இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். ஊர் உலகம் குறுக்கே நிற்கிறது. கடைசி எபிசோடில் கடற்கரை, கட்டிப்பிடித்தல், சுபம்.

அண்ணியின் கண் துணியில் இருந்தாக வேண்டும். ஓடுகிற ஆங்கில சப்டைட்டிலைப் படிக்க நேரமும் கிடையாது, அவ்வளவு ஆங்கிலமும் கிடையாது. அதனால் சின்னவன் படிப்பான். சின்னவன் அவள் புருஷனின் தம்பி. முப்பதை நெருங்கியும் வீட்டில் இன்னும் சின்னவன்தான். காலருக்கு உள்பக்கம் நம்பர் சீட்டை ஸ்டேப்ளரால் குத்திக்கொண்டே, இரண்டு பேர் வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வருவான். நெட்டைக்குக் கட்டைக் குரல், குழிக்குக் கொஞ்சல் குரல்.

முதல் எபிசோடிலேயே சிக்கல்.

"அவன் இவனைப் பார்த்து 'பி'ங்கறானே, அப்படின்னா என்னடா?"

"அண்ணான்னு அர்த்தம், அண்ணி. வயசுல பெரியவங்களை அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"அண்ணான்னு கூப்பிட்டுட்டு லவ் பண்ணுவானா? நல்லா இருக்கே கதை."

"சரி, அத்தான்னு வச்சுக்கோங்க."

அண்ணி சிரித்த சிரிப்பில் முன்கடையில் ரசீதோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். அன்று முதல் குழி வாய்க்கு வாய் அத்தான் என்றான். இந்த ஒரு வருடத்தில் ஒரு தொடர் முடிந்து அடுத்தது, அதுவும் முடிந்து இன்னொன்று. எந்தத் தொடராக இருந்தாலும் உயரமானவன் நெட்டை, மற்றவன் குழி. பிரித்துவைக்கப் பார்க்கும் அப்பன்காரன் திரையில் தலைகாட்டினால் போதும், அண்ணி ஆரம்பித்துவிடுவாள்.

"பிடிச்சவங்க சேர்ந்து வாழ்ந்துட்டுப் போறாங்க. இந்தக் கட்டையில போறவனுக்கு என்ன வந்துச்சாம்? 'கல்யாணம் ஆனா சரியாயிடும்'ங்கறான் பாரு. இவன் வாயில பினாயிலை ஊத்த."

சின்னவன் ஸ்டேப்ளரை அழுத்தியபடி அவள் முகத்தையே பார்ப்பான். அவனுக்கு இந்த வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரே ஓர் ஆள்.

காரணம் இருந்தது. அண்ணன் அவனுக்குப் பெண் பார்த்துவிட்டார். வங்கியில் வேலை, நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை போய்த் தேதி குறித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அண்ணன் யார் பேச்சையும் கேட்கிற ரகம் இல்லை, அண்ணி பேச்சைத் தவிர. அவள் "வேணாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக, வண்டியிலிருந்து இறக்கிய புது இயந்திரத்தை அப்படியே திருப்பி ஏற்றி அனுப்பிய மனுஷன். அந்த ஒரு வார்த்தை தனக்காகவும் வரவேண்டும் என்று காத்திருந்தான் சின்னவன். ஏனென்றால் அவனுக்கு அந்தப் பெண் வேண்டாம். எந்தப் பெண்ணும் வேண்டாம். வாரா வாரம் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு வரும் ரத்தப் பரிசோதனைக்கூடத்து ஆள் வேண்டும். கடையில் அவனுக்குப் பெயர் லேப்காரர். கடைக்கு வெளியே வேறு பெயர்.

புதன்கிழமை எபிசோடில் சின்னவன் துணிந்து ஒரு வேலை செய்தான்.

காட்சி இதுதான். நெட்டை தன் அண்ணன் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான். சப்டைட்டிலில் அந்தப் பெண்மணி, "அது உன் பாடு. என்னை இதில் இழுக்காதே," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சின்னவன் படித்தது வேறு.

"நீ யாரை விரும்பினாலும் நீ என் பிள்ளைடா. உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா?" என்றாள் அண்ணி.

"அழறது தெரியக் கூடாதுன்னு."

இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்தது. நீராவி நின்றது. அண்ணி விசும்பி விசும்பி அழுதாள். "என்ன மனசுடா அவளுக்கு. இப்படி ஒருத்தி வீட்டுக்கு வீடு இருக்கணும்."

அது போதும் என்று நினைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம். அண்ணன் ஓட்டலுக்குப் படுக்கை விரிப்புகள் கொடுக்கப் போயிருந்தார். சின்னவன் போனில் ஓடிய காட்சியைப் பாதியில் நிறுத்தினான்.

"அண்ணி, எனக்கு அந்தப் பொண்ணு வேணாம்."

"ஏன், மூக்கு பெருசா இருக்கா? போட்டோல அப்படித்தான்டா தெரியும்."

"எந்தப் பொண்ணும் வேணாம்."

"சாமியாராப் போறியா? சொல்லு, காவியை நல்லா கஞ்சி போட்டுத் தரேன்."

"நான் நெட்டை மாதிரி, அண்ணி."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்கடா நெட்டை? என் காது வரைக்கும்தான் இருக்கே."

"நான் உயரத்தைச் சொல்லல."

இயந்திரம் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கியது. அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சின்னவன் கண்ணீருக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"யாரு?"

"லேப்காரர்."

"அதான் போன வாரம் அழுக்கே இல்லாத கோட்டைத் தூக்கிட்டு வந்தாரா?" வேறு நாளாக இருந்தால் அது கிண்டல். இன்று அவள் சிரிக்கவில்லை. "சரி. சொன்னே, கேட்டுக்கிட்டேன். இனி யார்கிட்டயும் சொல்லாதே. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

"இதைச் சொன்ன ஆளைத்தானே கட்டையில போறவன்னு திட்டினீங்க?"

"அது கதைடா. அவன் எங்கயோ இருக்கான், எப்படியோ போறான். அவனைப் பத்தி என்னை யாராவது கேள்வி கேக்கப் போறாங்களா? நீ இந்த வீட்டுல இருக்கே. உங்க அண்ணன் என்ன சொல்வார் தெரியுமா? நான்தான் போன்ல கண்டதையும் போட்டுப் பார்த்து உன்னைக் கெடுத்துட்டேன்னு சொல்வார். உங்க அம்மா சொல்வாங்க. காலத்துக்கும் சொல்வாங்க."

"புதன்கிழமை அந்த அண்ணி சொன்னதுக்கு அப்படி அழுதீங்களே?"

"அவளுக்கென்ன, சம்பளம் வாங்கிட்டுச் சொல்றா."

சின்னவனிடம் இருந்தது ஒரே துருப்புச் சீட்டு. இறக்கினான்.

"அவங்க அப்படிச் சொல்லவே இல்ல, அண்ணி. என்னை இழுக்காதேன்னுதான் சொன்னாங்க. மத்தது நான் சொன்னது. நீங்க அழுதது என் வார்த்தைக்கு."

அந்த நிமிடத்தில் அண்ணியின் முகம் தெளிந்ததை அவன் பார்த்தான். பிடித்துக்கொள்ள ஒரு கம்பு கிடைத்த முகம்.

"அப்போ என்னை ஏமாத்தியிருக்கே."

"ஒரு வரிதான்."

"எந்த வரி அவங்களுது, எந்த வரி உன்னுதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? ஒரு வருஷமா வாயைப் பொளந்துட்டுக் கேட்டிருக்கேன். பைத்தியக்காரி மாதிரி அழுதிருக்கேன். நீ உக்காந்து என்னை வேடிக்கை பார்த்திருக்கே."

அவள் பெட்டியை எடுத்துச் சட்டையில் அழுத்தினாள். அவன் சொன்ன உண்மையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன பொய்யை என்ன செய்வதென்று நன்றாகத் தெரிந்தது.

வாசலில் வண்டிச் சத்தம். அண்ணன் வியர்வையோடு உள்ளே வந்து அழுக்கு மூட்டையை இறக்கினார்.

"பொண்ணு வீட்டுல போன் பண்ணாங்க. இவனுக்கு முழுச் சம்மதம்தானேன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

கேட்டது தம்பியை அல்ல. மனைவியை. எப்போதும் அப்படித்தான்.

அண்ணி சட்டையின் கைப்பட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சம்மதம்தாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போய்ப் பேசி முடிச்சுட்டு வந்துடுங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டுச் சட்டைப் பையில் போனைத் தேடினார். அவர் விரல் எண்ணைத் தொடுவதற்குள் சின்னவன் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தான். நெட்டையின் கட்டைக் குரலும் வரவில்லை, குழியின் கொஞ்சலும் வரவில்லை. அவனுக்கே பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

"இல்லண்ணா. எனக்குச் சம்மதம் இல்ல. எனக்குப் பொண்ணுங்க மேல விருப்பம் இல்ல. எனக்கு ஒருத்தர் இருக்கார். ஆம்பளை."

அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்காமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா இது?"

இன்னும் நேரம் இருந்தது. தெரியும் என்றால் போதும். ஆமாங்க என்றால்கூடப் போதும். பிறகு என்ன நடந்தாலும், மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் இருப்பார்கள்.

"எனக்கெப்படிங்க தெரியும்? இப்பத்தான் கேக்கறேன்."

சின்னவன் மறுக்கவில்லை. அவளையே பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

அண்ணனின் பார்வை மேஜைக்கு எதிரே போனது. டப்பாவில் சாய்ந்த போனில் இரண்டு பையன்கள் ஒரே குடைக்குள் உறைந்து நின்றார்கள்.

"இதெல்லாம் பார்த்துத்தான் இவன் இப்படி ஆனானா? யாரு இதைப் போடறது?"

அண்ணியின் கை போனை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது.

"இவன்தாங்க போடுவான். எனக்கு அந்த பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இவன் படிச்சுச் சொல்வான், நான் வேலையைப் பார்த்துட்டே கேப்பேன். அதுல என்ன வருதுன்னு எனக்கு என்னங்க தெரியும்? அதுல இல்லாததை எல்லாம் இவனா சேர்த்துச் சொல்லியிருக்கான். சந்தேகமா இருந்தா அவனையே கேளுங்க."

அண்ணன் முதல் முறையாகத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. அதில் இல்லாத ஒரு வரியை அவன் சேர்த்துச் சொன்னது உண்மை.

"ஆமாண்ணா," என்றான். கடைச் சாவியை மேஜையில் வைத்தான். முன்கடையில் யாரோ ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கினான்.