படிவத்தின் மறுபக்கம்

கிளார்க் அந்தப் படிவத்தை மூன்றாவது முறையாக அவள் பக்கமே தள்ளினார். "விலாசக் கட்டம் காலியா இருக்கும்மா. இப்படியே அனுப்பினா மேலிடத்துல தூக்கிக் கடாசிடுவாங்க. சான்றோட நிரப்பிட்டு ஏழு மணிக்குள்ள வா. பரீட்சைக்குப் பேர் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள்."

மாலை வகுப்பில் அவளை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஆளாக வருவாள், கடைசி ஆளாகப் போவாள். வீங்கிப்போன ஒரு பச்சைப் பை எப்போதும் காலடியில் இருக்கும். அதற்குள் என்ன இருக்கும் என்று என் நோட்டில் தேதி போட்டு யூகங்கள் எழுதி வைத்திருக்கிறேன். போர்வை (உறுதி). கெட்டில் (சத்தத்தை வைத்து, உறுதியில்லை). பிசிறு பிசிறாக ஓரம் நீட்டும் ஏதோ ஒன்று (தெரியவில்லை). அடுத்தவர் பையைப் பற்றி இப்படி எழுதுவது சரியா என்று அதன் கீழேயே எழுதி, அதையும் அடித்து வைத்திருக்கிறேன்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏதாவது ஒரு விலாசத்த எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எதை எழுதச் சொல்ற, ஜெராக்ஸ்?" பகலில் பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை செய்வதால் எனக்கு அந்தப் பெயர். "வாரத்துல நாலு நாள் பெரியம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழ. அவங்க விலாசத்த எழுதினா வீட்டு ஓனர் அவங்களையும் சேர்த்துக் கிளப்பிடுவான். மிச்ச நாள் ஆஸ்பத்திரில பார்வையாளர் கூடம். அங்க ஒரே ஒரு கண்டிஷன், யாருக்கோ ஆபரேஷன் நடக்குற மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும். எங்கம்மாவுக்கு நல்லா வரும். எனக்குத்தான் சிரிப்பு வந்துடும்."

சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "போன வருஷமும் இப்படித்தான் போச்சு. இந்தத் தடவையும் எழுதலைன்னா நர்சிங் சேர வயசு தாண்டிடும்."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். தொழில் பழக்கம், என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். கீழ் ஓரத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று. எங்கள் மெஷின் கண்ணாடியில் உள்ள கீறல். அப்படியானால் நான் எடுத்த நகல். கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மறுபக்கம் பார்க்க' என்றிருந்தது. தாளைத் திருப்பினேன். வெறும் வெள்ளை.

போன மாதம் பள்ளியிலிருந்து இந்தப் படிவத்தின் மூலத்தாள் வந்தது, இருநூறு நகல் வேண்டும் என்று. பின்னால் பொடி எழுத்து இருந்தால் விதிமுறைதான், எவனும் படிக்க மாட்டான், முன்பக்கம் போதும் என்று கடைக்கார அண்ணன் சொல்வார். அவர் மேல் பழியைப் போட்டு எழுதுவது சுலபம். ஆனால் அன்று அவர் கடையில் இல்லை. போதும் என்று முடிவெடுத்தது நான்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"பத்து நிமிஷம் இரு. எங்கயும் போயிடாத."

"போறதுக்கு எடம் இருந்தா இந்தக் கட்டத்துலயே எழுதியிருக்க மாட்டேனா?"

மழையில் சாலையைக் கடந்து ஓடினேன். யாரும் திரும்ப வாங்காத மூலத்தாள்களை நான் மாதவாரியாகக் கட்டி வைப்பேன்; அண்ணன் அதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. மூன்றாவது கட்டுக்குள் அது இருந்தது. பின்பக்கம், பதினொன்றாவது விதி: நிலையான இருப்பிடம் இல்லாத மாணவர்கள் பள்ளியின் விலாசத்தையே எழுதலாம், இருப்பிடச் சான்று இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு முறை படித்தேன். நேரமில்லை என்று தெரிந்தும் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் படித்தேன். அந்த இருநூறு பேரில் இது வேறு யாருக்கெல்லாம் தேவைப்பட்டிருக்கும்?

திரும்ப ஓடிவந்து நான் நீட்டிய மூலத்தாளை வாங்கி, கிளார்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது இந்தப் படிவத்துலயேவா இருந்துச்சு?"

"ஆமா சார். நகல் எடுக்கும்போது நான்தான் விட்டுட்டேன்."

என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா இதை வாங்கிக் கட்டி வைக்கிறேன்..." தாளோடு எழுந்தார். "ஹெட்மாஸ்டரக் கேட்டுட்டு வரேன். பேனாவோட ரெடியா இரும்மா."

ஏழுக்குப் பதினாறு நிமிடம் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பேனா அடியில் கிடப்பதாகச் சொல்லி அவள் பையைத் திறந்தாள். போர்வை வந்தது. கெட்டில் இல்லை, அலாரக் கடிகாரம். அப்புறம், ஓரம் பிய்ந்த ஒரு வாசல் மிதியடி.

"இது எதுக்கு?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"அம்மாவோடது. எங்க படுத்தாலும் முதல்ல இதைப் போடணும். காலத் தொடைக்காம உள்ள வந்தா திட்டு விழும்."

"உள்ளன்னா?"

"அதை நானும் கேட்டேன். அதுக்கும் சேர்த்துத்தான் விழுந்துச்சு."

மிதியடியைத் தரையில் போட்டுவிட்டுப் பைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். ஹெட்மாஸ்டர் அறைக் கதவு திறந்தது; "ஸ்கூல் விலாசத்தையே போடச் சொல்லுய்யா" என்று உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. மறுபக்கத்து வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தபடியே நடந்துவந்த கிளார்க், எங்கள் முன்னால் நின்று, தலையை நிமிர்த்தாமலே, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் அந்த மிதியடியில் துடைத்தார்.