கிழிந்துபோகும் என்றார் கடைக்காரர்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. கோட்டாற்றில் ஒரு மருந்துக்கடையில் காதில் விழுந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் டாம்பன் இருக்கிறதா என்று கேட்டாள். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். (டாம்பன் என்பது மாதவிடாயின்போது உள்ளே வைத்துக்கொள்ளும் விரலளவு பஞ்சுருளை; நூல் மட்டும் வெளியே இருக்கும்.) கடைக்காரர் எடுக்கவில்லை.

“கல்யாணம் கழிஞ்சாச்சா மக்கா?”

“இந்த சாரு பிரஷர் மாத்திரை கேட்டாரே, அவருகிட்ட இதைக் கேட்டியளா?”

“அதில்ல. உள்ள கிழிஞ்சு போவும். பொறவு வீட்டுக்காரங்க எனக்க கடையில வந்து நிப்பாங்க.”

அவள் வேறு கடை தேடிப் போனாள். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்று வழியெல்லாம் யோசித்தேன். இந்தக் கதையில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் நான்தான்.

2

முதல் தொடக்கம்: ‘பிரீனாவின் கைப்பையில் ஒரு ரகசியம் இருந்தது, அதை அவள் யாருக்கும்’ — அடித்துவிட்டேன். பஞ்சு எப்போது ரகசியமானது?

இரண்டாவது: ‘லீலாபாய் மகளின் அலமாரியைத் திறந்தபோது அவர் கை’ — நடுங்கியது என்று எழுதப் போனேன். நடுங்கியது அவர் கையா, என் கையா என்று தெரியாமல் நிறுத்தினேன்.

மூன்றாவதைக் கொஞ்சம் நம்புகிறேன். பிரீனாவுக்கு இருபத்தாறு வயது. திருவட்டாறு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் நீச்சல் பயிற்சியாளர் தேர்வு. தவறினால் அடுத்த வருடம்தான். அதற்குள் பள்ளி வேறு ஆளை எடுத்துவிடும். மாதவிடாய் புதன்கிழமையே வந்துவிட்டது; நாப்கினோடு தண்ணீரில் இறங்க முடியாது. ஜனவரியில் கல்யாணம். அம்மா லீலாபாய் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர்.

3

புதன் மாலை. டாம்பன் பெட்டி லீலாபாய் கையில் இருக்கிறது.

“ஏட்டி, இது கல்யாணம் ஆனவளுவளுக்கு உள்ளது.”

“அட்டையில அப்படியா போட்டிருக்கு?”

“கிழிஞ்சா பொறவு தைக்கவா முடியும்?”

“அம்மா, அது மூடிக் கெடந்தா மாசாமாசம் ரத்தம் எந்த வழியா வருது?”

[இங்கே லீலாபாய் வாயடைத்துப்போனதாக எழுதியிருந்தேன். நம்ப முடியவில்லை. வியாபாரம் செய்கிறவர்.]

“வழி இருக்கும். வழி இருக்குன்னு கண்டதையும் வைக்கவா?”

“சுத்தி குக்கர் வாஷர் மாதிரி ஒரு விளிம்பு, அவ்வளவுதான். இழுபடும். ஷீட்ட இழுத்துப் பாத்துத்தானே நீ வெல பேசுவ?”

“வாஷரும் ஒருநாளு கீறும்.”

“கீறினா குக்கரையா தூரப் போடுவ?”

லீலாபாய் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகவே கோபம் கூடியது.

“டாக்டர்ட்ட ஒரு லெட்டர் வாங்கீட்டு வா. ஒண்ணும் கிழியலன்னு எழுதித் தரட்டும். நாளைக்கு ஒருத்தரு கேட்டா நான் காட்டணும்.”

“யாரு கேப்பா?”

“கேப்பா.”

4

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது, பெரிதாகிவிட்டது.)

எனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கதைக்காக அவரை அபினா என்கிறேன். அவர் சொன்னவை: யோனி வாயிலைச் சுற்றி மெல்லிய, நெகிழும் சவ்வு இருக்கிறது, நடுவில் பிறவியிலேயே திறப்பு உண்டு. முழுக்க மூடியிருப்பது அபூர்வம், அதற்குச் சிகிச்சை வேண்டும். வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். டாம்பன் பொதுவாக அந்தத் திறப்பு வழியாகவே போய்விடும். எப்போதாவது சிறு கீறல் விழலாம், அதற்கும் ஒருத்தியின் நடத்தைக்கும் தொடர்பில்லை. எட்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, கவலைப்பட வேண்டியது அது ஒன்றுக்குத்தான்.

நாம் அதற்குக் ‘கன்னித்திரை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். திரை என்றால் பின்னால் யாரோ ஒளிந்திருக்க வேண்டும், விலக்கிப் பார்க்க ஒருவர் வர வேண்டும். பாதிச் சந்தேகத்தை அந்தச் சொல்லே கிளப்பிவிடுகிறது.

எல்லாம் குறித்துக்கொண்ட பிறகு கேட்டேன்: “அப்போ ஒருத்தி கன்னியான்னு எப்படித்தான் கண்டுபிடிப்பாங்க?”

“கண்டுபிடிக்க முடியாது சார். முடியும்னு சொல்றவங்களை நம்பாதீங்க.” பிறகு, “கதைக்காகத்தானே கேக்கிறீங்க?” என்றார்.

ஆமாம் என்றேன். வேகமாகச் சொல்லிவிட்டேன்.

5

ஆக, வியாழக்கிழமை பிரீனா போய்க் கேட்டபோது, அபினா அந்தக் கடிதத்தை எழுத மறுத்துவிட்டார். மருத்துவத்தில் அப்படி ஒரு கடிதம் கிடையாது என்றார். பிரீனா அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள். லீலாபாய்க்கு அது சாக்குப்போலப் பட்டது.

முடிவு அ: கிளினிக்கில் வேறு யாரையோ பிடித்துப் பொய்க்கடிதம் வாங்குகிறாள். வீட்டில் அமைதி. ஆனால் ஒரு கடிதம் இருக்கிறது என்றால் இரண்டாவது கடிதமும் கேட்பார்கள். அடித்தேன்.

முடிவு ஆ: தேர்வுக்குப் போகவில்லை. படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே எழுதப் பார்த்தேன் என்று தெரிந்ததும் அடித்தேன்.

முடிவு இ: வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு பிரீனா கிளம்புகிறாள், கடிதம் இல்லாமல். லீலாபாய் டாம்பன் பெட்டியை மேஜைமேல் வைத்திருக்கிறார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. பிரீனா எடுத்துக்கொள்கிறாள்.

பதினொரு மணிக்கு ஃபோன்.

“அம்மா, பாஸாயிட்டேன்!” பின்னால் விசில் சத்தம், யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம்.

லீலாபாய் ஒரு கேள்வி கேட்கிறார். பிரீனா ஃபோனை வைக்கப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது. நான் அதை எழுதவில்லை. இந்நேரம் உங்கள் காதில் ஒரு கேள்வி விழுந்திருக்கும். லீலாபாய் கேட்டது அதுதானா, இல்லை அது உங்கள் கேள்வியா என்று யோசித்துப் பாருங்கள்.